கொள்ளிடத்துத் திட்டு ஊர்களும் வெள்ளமும்

நேயர்களுக்கு வணக்கம்.

கொள்ளிடம் கடலை நெருங்கும் பகுதியில், ஆற்றின் இரண்டு வெள்ளக் கரைகளுக்கும் உள்ளேயே ஊர்கள் இருக்கின்றன. மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல். வடகரைப் பக்கம், கடலூர் மாவட்டத்தில் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி. வண்டல் மண். காய்கறியும் பூவும் நன்றாக வரும். ஆனால் 2018, 2022, 2024 என்று மேட்டூர் நிரம்பி வழிந்த ஆண்டுகளில் இந்தப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. ஆற்றுக்கரை கட்டியதே வெளியே இருக்கும் ஊர்களைக் காப்பாற்றத்தான். உள்ளே இருக்கும் திட்டு, அதாவது ஆற்றுக்குள் உள்ள மேட்டு நிலம், ஆற்றின் வழியிலேயே இருக்கிறது. கரை உடையாவிட்டாலும் அங்கே வெள்ளம் வரும்.

ஆகவே திட்டில் இருப்பவர்களுக்கு முதல் பாதுகாப்பு, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொல்லும் கன அடிக் கணக்கைச் சரியாகப் படிப்பது. மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). அந்த மட்டத்தைத் தொட்ட பிறகு அணையில் தேக்க இடமில்லை; வருகிற தண்ணீர் அப்படியே வெளியே போகும். வினாடிக்கு 1 லட்சம் கன அடி என்றால் 28 லட்சம் லிட்டருக்கு மேல். ஒரு நாள் முழுக்க அப்படி ஓடினால் 8.64 டி.எம்.சி. ஆனால் மேட்டூர்க் கணக்கு மட்டும் போதாது. கீழே பவானியும் அமராவதியும் காவிரியில் சேர்கின்றன. முக்கொம்பிலும் கல்லணையிலும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் தாங்குகிற அளவு போக மீதி உபரி எல்லாம் கொள்ளிடத்துக்குத்தான். எனவே நீங்கள் கேட்க வேண்டியது, அணைக்கரையில் உள்ள கீழணையிலிருந்து கொள்ளிடத்தில் எவ்வளவு விடுகிறார்கள் என்பதை. மேட்டூரில் திறந்த வெள்ளம் உங்களிடம் வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். கீழணையில் விட்டது சில மணி நேரத்தில் வந்துவிடும். மேட்டூர்ச் செய்தி மூட்டை கட்டுவதற்கு. கீழணைச் செய்தி கிளம்புவதற்கு.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வெள்ளம் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். கடல் ஏற்றம் வடிகாலைத் தடுப்பதால், கடைமடைத் திட்டுகளில் ஒரு நாளைக்கு இரண்டு முறை மட்டம் கூடிக் குறையும். குறையும் நேரத்தைப் பார்த்து, வெள்ளம் வடிகிறது என்று நம்பிவிடக் கூடாது.

தண்ணீர் ஏறுவதை அளக்க ஒரு மூங்கில் கழியில் அரை அடிக்கு ஒரு வண்ணக் கோடு போட்டு, ஓடை ஓரத்தில் ஆழமாக ஊன்றுங்கள். ஆற்று முகத்தில் வேண்டாம். திட்டுக்கும் வெள்ளக் கரைக்கும் நடுவே இருக்கும் பின்பக்க ஓடையில் ஊன்ற வேண்டும். காரணம் இதுதான்: ஆற்று முகத்து விளிம்பு வண்டல் படிந்து உயர்ந்திருக்கும். தண்ணீர் அதைத் தாண்டுவதற்கு முன்பே, திட்டின் கீழ்முனை வழியாக எதிர்த்து ஏறி, பின் ஓடையை நிரப்பி, பாதையை மூழ்கடித்துவிடும். ஆற்றைப் பார்த்தபடி நிற்பவருக்கு முற்றம் காய்ந்தே இருக்கும். கரைக்குப் போகும் வழி மட்டும் போய்விட்டிருக்கும். ஒவ்வொரு மணிக்கும் கோட்டைப் பார்த்து எழுதி வையுங்கள். நடுவே ஏற்றம் நின்றது போலத் தோன்றும். தாழ்ந்த படுகைகள் நிரம்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. நிரம்பியதும் மறுபடி ஏறும். முழங்கால் அளவு ஓடுகிற தண்ணீர் கூட ஆளைச் சாய்க்கும், ஆகவே பாதை முழுகுவதற்கு முன்பே பெரியவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் கரைக்குப் போயிருக்க வேண்டும்.

கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்து, கேஸ் சிலிண்டரின் வால்வை மூடி, மிதக்காதபடி கட்டிவிடுங்கள். பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு, தினசரி மாத்திரை இவற்றை இரட்டை பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்போடு கட்டிக்கொள்ளுங்கள். விதையும் உரமும் பரணுக்கு.

மாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திட்டை விட்டு வரமாட்டேன் என்று சிலர் நிற்பதைப் பிடிவாதம் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் நிற்பது மாட்டுக்காக. படகில் மாட்டை ஏற்ற முடியாது. பாதை இருக்கும்போதே அதை ஓட்டிச் செல்ல வேண்டும். கரைமேல் மாட்டுக்கு நிழலும் வைக்கோலும் தண்ணீரும் முன்கூட்டியே தயாராக இருந்தால் பாதி ஊர் தானாக வந்துவிடும். படகு எண்ணிக்கையைக் கூட்டுவதை விட இது முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. ஓட்டிச் செல்ல முடியாமல் போனால் கயிற்றையாவது அவிழ்த்து விடுங்கள். கட்டிய மாடு நின்ற இடத்திலேயே மூழ்கும், அவிழ்த்த மாடு நீந்தி மேடு தேடும். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

தண்ணீர் ஏறும்போது எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். இறங்கும்போதுதான் அசந்துவிடுகிறோம். திட்டின் விளிம்பு மண் நாள்கணக்கில் ஊறி, கனமாகி நிற்கும். ஆற்று நீர் உயரமாக இருக்கும்வரை அதுவே மண்ணைத் தாங்கும். மதகை மூடி, மட்டம் சட்டென்று இறங்கினால் தாங்கல் போய்விடும். மண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியே தள்ளும். விளிம்பு பாளம் பாளமாகச் சரியும். அடையாளம் தெளிவாகத் தெரியும்: விளிம்புக்கு இணையாக, ஓரிரு மீட்டர் உள்ளே, கோடு போல வெடிப்பு ஓடும். அந்த வெடிப்புக்கு ஆற்றுப் பக்கம் ஒரு தென்னை நின்றாலும் சரி, மோட்டார் கொட்டகை நின்றாலும் சரி, அதைக் காப்பாற்ற அங்கே கால் வைக்காதீர்கள். பார்க்கக் காய்ந்த தரைபோல இருந்தாலும் குறைந்தது ஒரு வாரம் விலகியிருங்கள்.

வீட்டுக்குள் நுழையும்போது நீளக் கோலால் தட்டிக்கொண்டு போங்கள். வைக்கோல் போரிலும் பரணிலும் பாம்பு ஏறியிருக்கும். சுவரும் சுவிட்ச் பெட்டியும் உலர்ந்து, எலக்ட்ரீசியன் பார்த்த பிறகே மின்சாரம். காலில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்கக் கூடாது. எலிச்சிறுநீர் கலந்த நீரால் வரும் எலிக்காய்ச்சல் அந்த வழியாக ஏறும்.

வெள்ளம் புகுந்த கிணற்றைக் கூடியவரை இறைத்துவிட்டு, ஊறியதும் குளோரின் போட வேண்டும். 2 மீட்டர் விட்டம், 5 மீட்டர் நீர் உள்ள கிணற்றில் சுமார் 15,700 லிட்டர் இருக்கும். வழக்கமாக 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், அதாவது 40 கிராம். வெள்ளத்துக்குப் பிறகு இரட்டிப்பாக 80 கிராம் போடலாம். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் பசைபோலக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் தெளிய விட்டு, தெளிவை மட்டும் வேறு வாளியில் எடுத்து, நீருக்குள் இறக்கி மேலும் கீழும் அசைக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றில் போனால் நீர் கடினமாகும். ஒரு மணி நேரம் கழித்தே இறைக்கலாம். திறந்து வைத்து ஈரம் பட்ட பவுடருக்கு வீரியம் இருக்காது. எத்தனை போட்டும் பயன் வராமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். வீட்டுக் குடத்துக்கு என்றால் 20 லிட்டருக்கு அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்று, அரை மணி காத்திருப்பு.

விளிம்பு அரிப்புக்கு எல்லா இடத்திலும் கான்கிரீட் கேட்க வேண்டியதில்லை. ஆறு நேராக மோதும் வளைவில் கல் அடுக்குத்தான் வேண்டும். அது நீர்வளத்துறை வேலை. மற்ற சரிவுகளில் வெட்டிவேர் நிற்கும். தூரை 20 செ.மீ. தண்டும் 5 செ.மீ. வேரும் விட்டு நறுக்கி, சரிவுக்குக் குறுக்கே, 10 முதல் 15 செ.மீ.க்கு ஒன்றாக இடைவெளி விழாமல் வரிசையாக நட வேண்டும். ஒரு தூர் பட்டுப்போன இடத்தில் தண்ணீர் வாய்க்கால் வெட்டும், ஆகவே மூன்றாம் வாரம் பார்த்துப் பட்டுப்போன இடங்களை நிரப்புங்கள். முதல் மாதம் ஆடு மாடு நுழையாமல் வேலி தேவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், மார்கழி, தை மாதத்தில் நட்டு, வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றினால், ஆடியில் ஆறு வருவதற்குள் ஆறு மாத வேர் மண்ணுக்குள் இருக்கும்.

வணக்கம்.