டெல் போஸ்கே என்ன செய்தார்?

வணக்கம் நேயர்களே. 2010-இல் ஸ்பெயினுக்கு உலகக் கோப்பை வென்று கொடுத்த பயிற்சியாளர் விசென்டே டெல் போஸ்கே பேச்சு வந்தாலே கால்பந்து பார்க்கிறவர்களில் பாதிப் பேர் ஒரே பல்லவியைத்தான் பாடுவார்கள்: "அவருக்கென்ன, ஜாவி, இனியெஸ்டா, கசியாஸ் மாதிரி நட்சத்திர வீரர்கள் எல்லாரும் கையில் இருந்தார்கள், யார் பயிற்சியாளராக இருந்தாலும் ஜெயித்திருப்பார்கள்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நல்ல வீரர்கள் இருந்தும் தோற்ற அணிகள் எத்தனை!

சலமான்காவில் 1950-இல் பிறந்தவர் இவர். ரியல் மாட்ரிட்டில் நடுக்கள வீரராக ஆடி ஐந்து முறை ஸ்பெயின் லீக் பட்டம் வென்றார், அப்புறம் அதே கிளப்பின் இளையோர் அணிகளைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டார். 1999 நவம்பரில் அப்போதைய பயிற்சியாளர் டோஷாக்கை அனுப்பிவிட்டு, இடைக்கால ஏற்பாடு மாதிரிதான் இவரை முதல் அணிக்குக் கூப்பிட்டார்கள். அடுத்த மே மாதமே ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பை வந்துவிட்டது. அந்த இறுதிப் போட்டியில் கோல்காப்பாளராக நின்ற கசியாஸுக்கு 19 வயது முடிந்து நான்கே நாள்தான் ஆகியிருந்தது!

2001-இல் லீக், 2002-இல் மறுபடியும் சாம்பியன்ஸ் லீக், 2003-இல் மறுபடியும் லீக். அந்தக் கடைசிப் பட்டம் வென்ற மறுநாளே, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த பருவத்தில் ரியல் மாட்ரிட்டுக்கு நான்காவது இடம்தான் கிடைத்தது, மறுபடி லீக் வெல்ல 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் துருக்கியின் பெஷிக்தாஷ் கிளப்புக்குப் போனார், அது சரிப்பட்டு வரவில்லை.

சரி, 2010-க்கு வருவோம். அப்போது இவர் ஸ்பெயின் தேசிய அணியின் பயிற்சியாளர். ஸ்பெயின் ஐரோப்பிய சாம்பியனாக உலகக் கோப்பைக்குப் போய், டர்பனில் முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்றது. முதல் ஆட்டத்தில் தோற்ற அணி எதுவும் அதுவரை உலகக் கோப்பையை வென்றதில்லை. ஊரே கொதித்தது, முந்தைய பயிற்சியாளர் லூயிஸ் அரகோனெஸே வெளிப்படையாகக் குறை சொன்னார். புஸ்கெட்ஸ், ஷாபி அலோன்சோ என்று இரண்டு பேரைத் தடுப்பு நடுக்களத்தில் நிறுத்துவது வீண், ஒருவரை எடுத்துவிடுங்கள் என்பதுதான் அப்போது பலரும் சொன்னது. டெல் போஸ்கே முன்வரிசையில் ஆட்களை மாற்றினார், ஆனால் அந்த இரண்டு பேரையும் ஏழு ஆட்டங்களிலும் முதல் பதினொருவரில் இறக்கினார். நாக்அவுட் சுற்றில் போர்ச்சுகல், பராகுவே, ஜெர்மனி, நெதர்லாந்து என்று நான்கு அணிகளையும் ஸ்பெயின் 1-0 என்றே வென்றது, நான்கிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. தடுப்பு அரண் அங்கேதான் இருந்தது!

போர்ச்சுகல் ஆட்டத்தைப் பாருங்கள். டோரஸ் தடுமாறுகிறார் என்று தெரிந்ததும் 58-வது நிமிடத்தில் அவரை வெளியே எடுத்து, உயரமான யொரெண்டேயை உள்ளே விட்டார், ஐந்தே நிமிடத்தில் வீயா கோல் அடித்தார். இறுதிப் போட்டியின் கோல் இன்னும் நல்ல சாட்சி. 116-வது நிமிடம், ஜெசுஸ் நவாஸ் தன் பாதியிலிருந்தே வலது ஓரமாகப் பந்தோடு ஓடுகிறார், பந்து ஒன்றிரண்டு கால் மாறி இடது பக்கம் டோரஸிடம் வருகிறது, டோரஸ் குறுக்கே அனுப்பியது தடுக்கப்பட்டு ஃபாப்ரெகாஸ் காலடிக்கு வருகிறது, அவர் இனியெஸ்டாவுக்குத் தள்ள, ஒரு துள்ளு, வலை. நவாஸ், ஃபாப்ரெகாஸ், டோரஸ்: அன்று டெல் போஸ்கே இறக்கிய மாற்று வீரர்கள் இந்த மூன்று பேரும்தான். இதையும் அதிர்ஷ்டம் என்பீர்களா?

2012 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பையில், சரியான முன்கள வீரர் இல்லாமல் ஃபாப்ரெகாஸை முன்னே நிறுத்தியபோது, இது சலிப்பூட்டும் ஆட்டம் என்றார்கள், ஆனால் கீவ் இறுதிப் போட்டியில் ஸ்பெயினிடம் இத்தாலி 0-4 என்று தோற்றது. இதற்கு முன் ரியல் மாட்ரிட், பார்சிலோனா வீரர்கள் கிளப் ஆட்டங்களில் முட்டிக்கொண்டு முகம் திருப்பிய காலம் ஒன்று இருந்ததே, அவர்களை ஒரே உடைமாற்றும் அறையில் சேர்த்து உட்காரவைத்தவரும் இவர்தான். குரல் உயர்த்தாத மனிதர் என்பதால் அந்த வேலை யார் கண்ணிலும் படவில்லை.

2014 உலகக் கோப்பையில் சறுக்கியது உண்மைதான். நெதர்லாந்திடம் 1-5, சிலியிடம் 0-2, முதல் சுற்றோடு வெளியே. ஜெயித்துக் கொடுத்த பழைய ஆட்களை ஒரு கோப்பை அதிகமாக நம்பிவிட்டார் என்பது என் கருத்து. 2016 யூரோவில் இத்தாலியிடம் தோற்றதும் விலகிக்கொண்டார்.