ஷிபுயா ஸ்டேஷன்ல மெட்ரோ ஏன் மூணாவது மாடியில நிக்குது? (நேயர் கேள்விக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி, குடும்பத்தோட டோக்கியோ போயிட்டு வந்த ஒரு நேயர் அனுப்பியிருக்காங்க. "ஷிபுயாவுல யமனோத்தேங்கிற வட்டப்பாதை ரயில்ல இருந்து இறங்கி, யோகோஹாமா போற தோயோக்கோ லைனுக்கு மாறினோம். எஸ்கலேட்டர்ல இறங்கிக்கிட்டே இருக்கோம், தரைக்கு அடியில அஞ்சாவது தளம் வரைக்கும். ஆனா சுரங்க ரயிலான கின்ஸா லைன் மூணாவது மாடியில நிக்குது. ஏன் சார் இப்படித் தலைகீழா இருக்கு?"

நீங்க பார்த்தது சரிதாங்க. காரணம் அந்த மண்ணுதான். ஷிபுயா ஸ்டேஷன் இருக்கிறது ஒரு பள்ளத்துல. சிக்னல் விழுந்ததும் நாலா பக்கமும் ஜனங்க ஒரே நேரத்துல கடப்பாங்களே, அந்தச் சந்திப்பு பள்ளத்தோட அடியில இருக்கு. ஷிபுயா ஆறு இன்னைக்கும் அங்க மூடின கால்வாயா ஓடுது. மழை கொட்டினா தண்ணி இங்கதான் வந்து சேரும். அதுக்காகவே கிழக்கு வாசலுக்கு அடியில சுமார் 4,000 கன மீட்டர் தண்ணி பிடிக்கிற தொட்டி கட்டியிருக்காங்க.

கின்ஸா லைன் இங்க வந்தது 1938 டிசம்பர்ல. கிழக்குல அவோயாமா மேட்டுக்கு அடியில, அதிக ஆழமில்லாத சுரங்கத்துல வருது. ரயில் பெருசா மேல ஏறல, தரைதான் சட்டுனு கீழ இறங்கிடுது. அதனால சுரங்கத்தை விட்டு வெளிய வர்ற ரயில், பாலத்து மேல ஏறி நேரா மூணாவது மாடிக்குள்ள போயிடுது. 2020 ஜனவரியில நடைமேடையை 130 மீட்டர் கிழக்கே நகர்த்தினாங்க. இப்ப அங்க நின்னீங்கன்னா தலைக்கு மேல வரிசையா வெள்ளை வளைவுகள், காலுக்குக் கீழ மெய்ஜி சாலையில பஸ்ஸும் காரும். ஷிபுயா போறவங்க அவசியம் ஒரு தடவை அங்க நின்னு பார்க்கணும்.

தோயோக்கோ லைனும் ரொம்ப காலம் மேலதான் இருந்துச்சு. ரெண்டாவது மாடி, அதோட பாதை முடிஞ்சுது. 2008ல ஓட ஆரம்பிச்ச ஃபுக்குதோஷின் மெட்ரோவையும் இதையும் இணைச்சு ஒரே ரயிலா ஓட்டணும்னு அதுக்கு முன்னாடியே முடிவாயிருந்துச்சு. மெட்ரோவோ அஞ்சாவது அடித்தளத்துல. ஏன் அவ்வளவு ஆழம்னா, அதுக்கு முன்னாடியே 1970கள்ல வந்த இன்னொரு சுரங்கப் பாதை குறுக்கே இருக்கு, அதுக்கும் கீழ போகணும். லேட்டா வந்தவங்களுக்கு அடியிலதான் இடம்.

2013 மார்ச் 15 ராத்திரி கடைசி ரயில் போனதும், சுமார் 1,200 பேர் தண்டவாளத்துல இறங்கி, ஷிபுயாவுக்கும் அடுத்த ஸ்டேஷனான தைக்கான்யாமாவுக்கும் நடுவுல பாதையை மாத்திப் பொருத்தி, விடியக்காலை முதல் ரயிலைச் சுரங்கத்துக்குள்ள விட்டாங்க. ஒரே ராத்திரியில! ரயில் வேலை தெரிஞ்சவங்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம்னு புரியும்.

பலன் என்னன்னா, யோகோஹாமாவுல ஏறினா மாறாமலே வடக்கே சைத்தாமா மாகாணம் வரைக்கும் போகலாம். நஷ்டம், ஷிபுயாவுல மாறுறவங்களுக்கு. முன்னாடி யமனோத்தேவுல இருந்து சில நிமிஷத்துல மாறினவங்க, இப்ப உங்களை மாதிரி ஏழெட்டு மாடி உயரம் இறங்கி ஏறணும். வயசானவங்களுக்கு அது நிஜமாவே கஷ்டம், அதை நான் மறைக்க மாட்டேன்.

அதனால அடுத்த தடவை யோகோஹாமா போகணும்னா ஷிபுயாவுல தோயோக்கோவுக்கு மாறாதீங்க. ஷின்ஜுக்குப் பக்கம் தங்கியிருந்தா ஷின்ஜுக்கு சஞ்சோமேயில ஃபுக்குதோஷின் ஏறுங்க. பெரும்பாலான ரயில் அப்படியே தோயோக்கோவா மாறி யோகோஹாமா பக்கம் போகும். யமனோத்தேவுலயே வர்றீங்கன்னா ஹராஜுக்குல இறங்கிடுங்க, பக்கத்துலயே மெய்ஜி ஜிங்குமயே ஸ்டேஷன், அதே ரயில் அங்கயும் நிக்கும். இல்ல ஷிபுயாவுலதான் ஏறுவேன்னா, யமனோத்தேவை ஓட்டுற ஜேஆர் ரயில் கம்பெனியோட ஷோனான் ஷின்ஜுக்கு லைன் இருக்கு. அந்த நடைமேடை முன்னாடி 350 மீட்டர் தள்ளி இருந்துச்சு, 2020ல யமனோத்தேவுக்குப் பக்கத்துலயே கொண்டுவந்துட்டாங்க. ஜேஆர் கேட்டை விட்டு வெளியவே வரவேண்டாம்.