ஜாஸ் கேட்கத் தொடங்குவோருக்கு: ஒரே பாட்டிலிருந்து பிரியும் வழிகள்

[திரை இருண்டிருக்கிறது. பியானோவும் டபுள் பாஸும் தாளமின்றி மெல்ல ஒலிக்கின்றன.]

வணக்கம். ஜாஸ் கேட்டுப் பார்க்கலாம் என்ற ஆசையில், இணையத்தில் கிடைத்த நூறு ஆல்பங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றாவதிலேயே சோர்ந்துபோனவர்களுக்காக இந்தக் காணொளியைத் தயாரித்திருக்கிறேன். நூறு ஆல்பங்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழு 1959 மார்ச் 2 அன்று, முன்பு தேவாலயமாக இருந்த ஒரு நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவுசெய்த 'ஸோ வாட்' என்ற ஒன்பது நிமிடப் பாட்டை மட்டும் ஒரு வாரம் கேளுங்கள். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் முதல் பாட்டு அது.

ஜாஸ் பிறந்த ஊரான நியூ ஆர்லியன்ஸில் தொடங்கி வரலாற்று வரிசையில் வருவதுதான் முறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1920களின் இசைத்தட்டுகளில் இரைச்சலுக்கு நடுவே வாத்தியத்தைத் தேடிப் பிடிக்கப் பழகாத காது, அவற்றின் அருமையை உணர்வதற்கு முன்பே களைத்துவிடும்.

[திரையில் கடிகாரம்: 0:00 முதல் 1:35 வரை.]

பாட்டு தொடங்கி அரை நிமிடம் கழித்து, பாஸ் வாத்தியம் ஒரு கேள்வியைக் கேட்பதுபோல ஒரு சிறு தொடரை வாசிக்க, பியானோ இரண்டே தட்டில் பதில் சொல்கிறது. சற்று நேரத்தில் அந்தப் பதிலை ட்ரம்பெட்டும் இரு சாக்ஸபோன்களும் சேர்ந்து சொல்கின்றன. பாட்டின் மெட்டு இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் மனோதர்மம், அந்தந்த நொடியின் கற்பனையில் வாசிப்பது. ஒன்றரை நிமிடம் ஆனவுடன் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கி ஒரு அடி அடிக்கிறார். அந்த அதிர்வு அடங்குவதற்குள் டேவிஸின் ட்ரம்பெட் தன் தனி வாசிப்பைத் தொடங்கிவிடுகிறது. அந்த ஓர் இடத்துக்காகவே நான் இப்பாட்டைப் பலமுறை திருப்பிப் போட்டிருக்கிறேன்.

புதியவர்கள் வழிதவறுவது இந்த இடத்தில்தான். மெட்டு காணாமல் போய்விட்டதே, இவர்கள் எதைப் பற்றிக்கொண்டு வாசிக்கிறார்கள் என்ற திகைப்பு வந்துவிடுகிறது. அவர்கள் பற்றிக்கொள்வது மெட்டின் நீளத்தை. தாளத்தின் நான்கு எண்ணிக்கை ஒரு பார்; அப்படி 32 பார்கள் ஒரு சுற்று. ஒவ்வொரு கலைஞரும் அந்தச் சுற்றை முழுமையாக வாசித்து அடுத்தவரிடம் தருகிறார். தொடையில் ஆதி தாளம் போட்டுப் பார்த்தால் (எட்டு எண்ணிக்கை, அதாவது இரண்டு பார்கள், ஒரு ஆவர்த்தனம்) கணக்கு புலப்படும்: எட்டு ஆவர்த்தனம் ஒரு சுருதியில், அடுத்த நான்கு அரைக்கட்டை மேலே, கடைசி நான்கு மீண்டும் பழைய இடத்தில். மொத்தம் பதினாறு ஆவர்த்தனம், ஏறத்தாழ ஒரு நிமிடம். டேவிஸ் இரண்டு சுற்று வாசிக்கிறார்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இன்னொரு பிடியும் உண்டு. இரண்டு கட்டையை ஆதார சட்ஜமாக வைத்துக்கொண்டால், இந்தப் பாட்டில் புழங்குபவை கரகரப்பிரியாவின் ஏழு சுரங்கள். அதனால் இது கரகரப்பிரியா ஆகிவிடாது. கமகமும் இல்லை, ராகத்துக்குரிய பிடிகளும் இல்லை. ஆனாலும் அந்த நடுப்பகுதியில், யாரோ தம்பூராவை இரண்டரைக் கட்டைக்கு ஏற்றிவிட்டதுபோல எல்லாச் சுரங்களும் ஒருசேர மேலே நகர்வதை உங்கள் காது தவறவிடாது. (சுருதிப்பெட்டியை வைத்து ஒப்பிடுபவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: பதிவு இயந்திரத்தின் வேகக் கோளாற்றால் இந்த ஆல்பத்தின் முதல் பக்கம் பல்லாண்டுகள் சற்றே ஏறிய சுருதியில்தான் விற்பனையானது; 1992இல் வந்த மறுபதிப்பில் சரிசெய்தார்கள்.)

[திரையில் நான்கு கலைஞர்களின் நிழலுருவங்கள்.]

ஒரு வாரம் கேட்ட பிறகு, இந்தக் குழுவில் யாருடைய வாசிப்பு உங்கள் மனத்தில் தங்கியது என்று பாருங்கள். அடுத்த வழியை அவர் காட்டுவார்.

பியானோ வாசித்த பில் எவன்ஸ் என்றால், உங்களைப் பொறாமையோடு வாழ்த்துகிறேன். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் 'வில்லேஜ் வேன்கார்ட்' என்ற நிலவறை மன்றத்தில் எவன்ஸ், பாஸ் வாத்தியத்தில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷியன் ஆகிய மூவரும் பிற்பகலிலும் இரவிலுமாக வாசித்ததைப் பதிவுசெய்தார்கள். 'வால்ட்ஸ் ஃபார் டெபி' ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேட்டால், கோப்பைகள் உரசும் ஓசையும், மேசைகளில் பேசிக்கொள்வோரின் முணுமுணுப்பும், யாரோ சிரிப்பதும் காதில் விழும். லஃபாரோவின் பாஸ் பின்னணியில் தாளத்தைத் தாங்கிக்கொண்டு நிற்பதோடு நின்றுவிடாமல், பியானோவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குறுக்கே பேசி, சில வேளை முந்திக்கொண்டு முடித்தும் விடுகிறது. பதினொரு நாள் கழித்து, 25 வயதில், அவர் கார் விபத்தில் இறந்துபோனார். அந்த மாலையில் பேசிக்கொண்டே கேட்டவர்களுக்கு அது வழக்கமான ஒரு ஞாயிற்றுக்கிழமை.

உற்சாகமாக வாசித்த ஆல்டோ சாக்ஸபோன்காரர் கேனன்பால் ஆடர்லி பிடித்திருந்தால், ஆர்ட் பிளேக்கி குழுவின் 'மோனின்' கேளுங்கள். தேவாலயப் பாடலின் வாடை வீசும் 1958ஆம் ஆண்டுப் பதிவு அது, விளக்கம் தேவைப்படாது.

டெனர் சாக்ஸபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேன் உங்களைப் பிடித்துக்கொண்டால் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். சுருதி மையம் நொடிக்கு நொடி தாவும் அந்தப் பாட்டு, வாசிப்பவர்களையே தடுமாற வைப்பது. முதலில் 1960இல் அவர் பதிவுசெய்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' கேளுங்கள். பியானோ ஏறக்குறைய தம்பூராபோல ஓரிடத்தில் சுழன்றுகொண்டிருக்க, நாகசுரத்தின் நெடியோடு சொப்ரானோ சாக்ஸபோன் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஏறி இறங்குகிறது. அதன் பிறகு, 1964 டிசம்பர் 9 அன்று ஒரே நாளில் உருவான 'எ லவ் சுப்ரீம்'. நான்கு பகுதிகள் கொண்ட அந்தப் பிரார்த்தனையை நடுவில் நிறுத்தாமல் கேட்பதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

கோல்ட்ரேன் இந்திய இசையை ஆழ்ந்து கேட்டவர்; ரவிசங்கரின் நினைவாகத் தம் மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். அவர் மறைவுக்குப் பிறகு அவருடைய மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன், கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரைக் குருவாக ஏற்று, அவர் பெயராலேயே 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்ற ஆல்பத்தை 1971இல் வெளியிட்டார். அதில் உண்மையான தம்பூராவே ஒலிக்கிறது, அதன்மேல் ஆலிஸின் ஹார்ப்.

[திரையில் கைத்தாளம்: தகிட தக, தகிட தக.]

கணக்கில் ருசி கண்டவர்கள் டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' பக்கம் போகலாம். மூன்றும் இரண்டுமாக ஐந்து எண்ணிக்கை. இரண்டும் மூன்றுமாக வரும் கண்ட சாபு தாளத்தைத் திருப்பிப் போட்டதுபோல இருக்கும். பியானோ அந்த ஐந்தையே கடைசிவரை விடாமல் வாசிப்பதால், ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் எங்கே அலைந்தாலும் தாளம் உங்கள் கையை விட்டுப் போகாது. இதே குழு 1958இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் துருக்கி, இந்தியா, இலங்கை என்று சுற்றியது. இஸ்தான்புல் தெருக்கலைஞர்களிடம் புரூபெக் கேட்ட ஒன்பது எண்ணிக்கைதான், 'டேக் ஃபைவ்' இடம்பெற்ற அதே ஆல்பத்தில் 'ப்ளூ ரோண்டோ' என்ற பாட்டு ஆனது.

வாய்ப்பாட்டு இல்லாமல் மனம் ஒட்டாதவர்களுக்கு எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். 1960 பிப்ரவரியில் பெர்லின் மேடையில் 'மேக் த நைஃப்' பாடும்போது பாதியில் அவருக்கு வரிகள் மறந்துவிடுகின்றன. அவர் நிறுத்தவில்லை, மறந்துபோனதையே தாளம் பிசகாமல் புதுவரிகளாக்கிப் பாடி, நடுவே லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலையும் அப்படியே எடுத்துக் காட்டுகிறார்.

அந்தக் குரலுக்கு உரியவரிடம் போகும் நேரம் இப்போது வந்துவிட்டது. ஆம்ஸ்ட்ராங் 1928 ஜூனில் பதிவுசெய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்', அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும் மூன்று நிமிடச் சொச்சப் பாட்டு. துணைக்கு எந்த வாத்தியமும் இல்லாமல் ட்ரம்பெட் மட்டும் தாவி ஏறிச் சரிந்து இறங்கும் தொடக்கத்தை எல்லோரும் புகழ்வார்கள். நீங்கள் முடிவுக்குச் சற்று முன்பு வரும் கடைசிச் சுற்றுக்குக் காத்திருங்கள். ஒரே ஒரு உச்சச் சுரத்தை எடுத்து, கீழே பியானோ பார் பாராக நகர்ந்துகொண்டிருக்க, ஏறக்குறைய நான்கு பார்கள் அவர் அதை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

[அந்தச் சுரம் ஒலிக்கிறது. திரை இருள்கிறது.]