ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, ஆனாலும் ஷாக் அடிக்கிறது

வணக்கம். பின்னால் சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் இருக்கிறேன். மேசை மேல் கிடப்பதெல்லாம் தொட்டால் ஷாக் அடிக்குமா என்று இன்றைக்கு நான் சோதிக்க வேண்டியவை. நாலு ஹேண்ட் பாலிஷர், இரண்டு கட்டிங் மெஷின், ஒரு டிரில், ஒரு பெடஸ்டல் ஃபேன், ஆறு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அப்புறம் இந்த எவர்சில்வர் கெட்டில். ஆபீஸ் ரூமில் இருந்தது. ஓனர் இதைக் கொடுக்கவே இல்லை, "டீ வைக்கிறதுக்கெல்லாம் எதுக்குங்க டெஸ்ட்டு" என்றார். நானே போய் எடுத்து வந்தேன்.

எதற்கு இவ்வளவு பாடு? பேஸ் வயர் அறுந்தால் மெஷின் நின்றுவிடும். நியூட்ரல் அறுந்தாலும் நின்றுவிடும். உடனே யாரையாவது கூப்பிட்டுச் சரி செய்வார்கள். எர்த் வயர் அறுந்தால்? ஒன்றுமே ஆகாது. மெஷின் ஜம்மென்று ஓடும், மாதக்கணக்கில் ஓடும். என்றைக்கு உள்ளே கரண்ட் கசிந்து பாடியைத் தொடுகிறதோ, அன்றைக்கு அதைப் பிடித்திருக்கிற ஆளுக்குத்தான் முதலில் தெரியும். தானாக வெளியே தெரியாத பழுது என்பதால்தான் நாம் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

மீட்டரை அப்புறம் எடுக்கலாம், முதலில் கண். இந்த வயரைப் பாருங்கள், கல் முனையில் உரசி மேல்தோல் போய்விட்டது, அதன் மேல் இன்சுலேஷன் டேப். தண்ணீர் ஓடுகிற பட்டறையில் டேப் எத்தனை நாள் ஒட்டியிருக்கும்? இது ஃபெயில். இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிளக்கே இல்லை. வயரை நேராக சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சி வைத்து அடைத்திருக்கிறார்கள். இதற்கு மீட்டரே வேண்டாம், நேராக ஓரம்.

பிளக் டாப்பைக் கட்டாயம் திறந்து பார்ப்பேன். நம் ஊர் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும், அதற்காக. அவ்வளவு யோசித்துச் செய்த பின்னில் வயரே மாட்டாமல் விடுவது எவ்வளவு சகஜம் என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சரி, மீட்டர். எர்த் பின்னுக்கும் மெஷின் பாடிக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் 1 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கிறேன். பெயின்ட் மேல் கிளிப்பை மாட்டினால் தப்பாகக் காட்டும், வெறும் இரும்பில் மாட்டுங்கள். இதை மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு ஓகே சொல்பவர்கள் உண்டு. மல்டிமீட்டர் அனுப்புவது துளி கரண்ட். வயருக்குள் ஒரே ஒரு கம்பி இழை மிச்சமிருந்தாலும் நல்லது என்றே சொல்லும். நிஜமாகக் கசிவு வரும்போது அந்த ஓர் இழை தாங்காது, எரிந்து போகும். இதற்கென்று இருக்கிற டெஸ்டர் 10 ஆம்பியர், 25 ஆம்பியர் வரை தள்ளிப் பார்க்கும். சோதிக்கும்போதே வயரை, முக்கியமாக பிளக் பக்கமும் மெஷினுக்குள் நுழைகிற இடமும், வளைத்து ஆட்டுங்கள். ரீடிங் குதித்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது.

அடுத்தது 500 வோல்ட் மெக்கர், அதாவது இன்சுலேஷன் கரண்டைத் தடுக்கிறதா என்று பார்க்கும் மீட்டர். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிய பிறகுதான், அதைச் சொல்லவே வேண்டாம். பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து எர்த்துக்கு எதிராகப் பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் ஃபெயில். மெஷினின் சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஆஃபில் இருந்தால் வயரை மட்டும்தான் சோதித்திருப்பீர்கள், மோட்டாரை இல்லை. நானே ஆரம்பத்தில் ஒரு நாள் முழுக்க இப்படிச் சோதித்து, எல்லாம் பாஸ் என்று எழுதிக் கொடுத்து, மறுநாள் திரும்பப் போய் அசடு வழிந்திருக்கிறேன்.

மெஷின் மேல் சதுரத்துக்குள் சதுரம் அடையாளம் போட்டிருந்தால் இரட்டை இன்சுலேஷன், எர்த் தேவையில்லை. அதற்காக அசட்டையாக விடக்கூடாது. பாலிஷருக்குள் கல் சேறும் கார்பன் தூளும் சேர்ந்து அதுவே கரண்டுக்கு வழி போட்டுவிடும்.

பாஸானால் ஸ்டிக்கர்: தேதி, அடுத்த தேதி, யார் சோதித்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதற்கு ஏஎஸ்/என்இசட்எஸ் 3760 என்று தனி ஸ்டாண்டர்டே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கட்டுமான இடங்களில் 3 மாதத்துக்கு ஒரு முறை டேக்கின் நிறம் மாறும், சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று. தூரத்தில் நின்று பார்த்தாலே பழைய டேக் தெரிந்துவிடும். எனக்கு அது பிடித்துப்போய் இங்கேயும் நிறம் மாற்றி ஒட்டுகிறேன்.

ஆனால் அந்த ஸ்டிக்கரே என்னை ஒரு முறை கவிழ்த்தது. இதே மாதிரி இன்னொரு பட்டறை, போன கோடை. நான் சோதித்து ஒட்டிய மூன்றாம் நாள் அங்கே வேலை செய்கிற பையன் போன் செய்தான். "அண்ணா, நீங்க ஒட்டின பச்சை அப்படியே இருக்கு, ஆனா தொட்டா சுருக்குனு இழுக்குது." ஓடினேன். மூன்று நாளில் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கி இன்சுலேஷன் விழுந்திருந்தது. மெஷினின் எர்த் வயர் நன்றாகத்தான் இருந்தது. சுவரிலிருந்த சாக்கெட்டைத் திறந்தால், எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. கசிந்த கரண்ட் போக வழியில்லாமல் அவன் கை வழியாகப் போகப் பார்த்திருக்கிறது. அங்கே ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற பிரேக்கர், இருந்தது, டிரிப் ஆகவில்லை. அது விழுவதற்கு 30 மில்லி ஆம்பியர் கணக்கு, சுருக்கென்று இழுக்க 1 மில்லி ஆம்பியரே போதும்.

அதிலிருந்து மெஷினுக்கு முன்னால் சாக்கெட்டைப் பார்க்கிறேன், அப்படியே வெளியே போய் எர்த் குழியையும். நம் மாவட்டத்துக் கோடை தெரியுமே. கரியும் உப்பும் போட்ட குழி காய்ந்து வெடித்துக் கிடக்கும், மண் காய்ந்தால் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னால் "செடிக்கே தண்ணி இல்லைங்க" என்பார்கள். இங்கே காலையில் நானே ஊற்றினேன்.

சரி, கெட்டில் மட்டும் பாக்கி. எர்த் பின்னில் ஒன்று, பாடியில் ஒன்று... ரீடிங்கே வரவில்லை. பிளக்கைத் திறக்கிறேன். யாரோ புது பிளக் மாற்றியிருக்கிறார்கள். பச்சை வயரைப் பாருங்கள், பாதியில் நறுக்கி, மடித்து, அழகாக டேப் சுற்றி உள்ளே வைத்திருக்கிறார்கள். ஓனர் டீ கேட்டு வருகிறார் போல. கேமராவை வைத்துவிட்டு வருகிறேன்.