பின்பக்கத்தில் உங்கள் பெயர்

(நாகர்கோவிலில், தையலும் எம்ப்ராய்டரியும் செய்யும் பெண்கள் கூடிய கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்.)

அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

இங்கே தொங்குகிற மூன்று துணிகளையும் பார்த்துவிட்டு, "போர்வையைப் போய் எதுக்குச் சுவருல மாட்டியிருக்காங்க?" என்று முன்வரிசையில் ஒரு அக்கா கேட்டது என் காதில் விழுந்தது. நல்ல கேள்விதான். இப்படிச் சுவரில் மாட்டுகிற குயில்ட்டைத் தைத்து, கண்காட்சிக்கும் போட்டிக்கும் எப்படி அனுப்புவது என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றும் நகராமல் இருக்க ஊடே தையல். இதுதான் குயில்ட். பழைய சேலையை நாலாக மடித்து, ஓரம் அடித்து, பிள்ளைக்கு விரித்துப் போட்ட நம் பாட்டிமார் செய்ததும் ஏறக்குறைய இதுதான். வங்காளத்தில் காந்தா என்பார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த 'சித்தி' இனப் பெண்கள் தைப்பது கவந்தி. ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்து ஒரு 'பூ' வைக்காமல் வேலையை முடிக்க மாட்டார்கள். ஆர்ட் குயில்ட்டுக்கும் இதே துணி, இதே தையல்தான். ஆனால் அதை யாரும் போர்த்திக்கொள்ளப் போவதில்லை. ஓவியர் தூரிகையால் சொல்வதை நாம் துணியால் சொல்கிறோம்.

போர்வை சுவரில் ஏறியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1971-இல் நியூயார்க்கின் விட்னி மியூசியம் பழைய அமெரிக்கக் குயில்ட்களை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டியது. நவீன ஓவியத்துக்குச் சமம் என்று பலரும் புகழ்ந்தார்கள். ஆனால் அவற்றைத் தைத்த பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் அங்கே இல்லை. கலை வரலாறு எழுதும் பாட்ரீசியா மைனார்டி 1973-இல் இதைக் காட்டமாகவே கேட்டார். ஓவியம் என்றால் வரைந்தவர் பெயரைத் தேடுகிறீர்கள், குயில்ட் என்றால் மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். முப்பது ஆண்டு கழித்து, 2002-இல், அதே விட்னிக்கு அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற சிற்றூர்க் குயில்ட்கள் வந்தன. ஏழைக் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டித் தைத்தவை. இந்த முறை லொரெட்டா பெட்வே, ஆனி மே யங் என்று ஒவ்வொருவர் பெயரும் இருந்தது. அவர்களில் மிசூரி பெட்வே 1942-இல் தைத்த ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். கணவர் இறந்துபோகிறார். அவர் வயலுக்குப் போட்டுக்கொண்டு போன கால்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டிக் குயில்ட்டாக்கி, அந்த அம்மா அதைப் போர்த்திக்கொள்கிறார். முழங்கால் தேய்ந்து வெளுத்த இடம்கூட அதில் அப்படியே தெரியும்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? துணியும் நூலும் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. லண்டன் மிஷன் வழியாக நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களிலேயே இங்குள்ள பெண்களுக்குத் திண்டில் குண்டூசி குத்தி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. 1897-இல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியக் கன்னியரின் மடத்திலும் லேஸும் எம்ப்ராய்டரியும் வளர்ந்தன. மேசை விரிப்பும் கைக்குட்டையும் கப்பலேறிப் போயின. சரி, அவற்றைப் பின்னியவர்களில் ஒருவர் பெயர் நமக்குத் தெரியுமா? கற்றுக்கொடுத்தவர் பெயர் இருக்கிறது, விற்றவர் பெயர் இருக்கிறது. இன்றைக்கும் ஆர்டர் எடுப்பவர் கொடுக்கிற டிசைனை, டிரேசிங் பேப்பரில் ஊசியால் துளை போட்டு, மண்ணெண்ணெயில் நீலம் குழைத்துத் தேய்த்து, பிசகாமல் தைத்துக் கொடுக்கிறோம். கை நம்முடையது, டிசைன் வேறு யாருடையதோ.

குயில்ட் போட்டிக்கு விண்ணப்பம் நிரப்பும்போது முதலில் இடறுவது இங்கேதான். "இது உங்கள் சொந்த வடிவமா?" என்று கேட்பார்கள். இணையத்தில் கிடைத்த புகைப்படத்தைப் பார்த்துத் தைத்திருந்தால், எடுத்தவரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வகுப்பில் ஆசிரியை சொல்லச் சொல்லச் செய்ததைப் பல போட்டிகள் சொந்தப் படைப்பாக ஏற்பதில்லை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் ஏதென்ஸ் ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் குயில்ட் நேஷனல் இதில் ரொம்பக் கறார். 1979-இல் அது தொடங்கியது ஒரு பழைய மாட்டுத் தொழுவத்தில்! ஆர்ட் குயில்ட்டுக்கென்றே 1989-இல் ஸ்டுடியோ ஆர்ட் குயில்ட் அசோசியேட்ஸ் என்ற அமைப்பும் வந்தது. நம் பக்கத்தில் 2019-இல் சென்னையில் இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது. ஆகவே முதல் படைப்புக்கே கடல் தாண்ட வேண்டியதில்லை.

எதைத் தைப்பது? தயவுசெய்து திருவள்ளுவர் சிலையும் சூரிய உதயமும் வேண்டாம். அதைக் காலண்டர்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போய்க் கீழே நின்று பாருங்கள். 1966-இல் கட்டியது, 28 தூண்கள். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து, தூரம் போகப் போகச் சிறுத்து, நடுவில் பச்சை. துண்டு இணைத்துத் தைக்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? தோவாளையில் மாணிக்க மாலை கட்டுகிறவர்கள் அரளியை மடித்து வரிசை வைப்பதைப் பாருங்கள், நிறத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர்களிடம் படிக்கலாம். தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. மேலே ஒரு துணி போடும் உரிமைக்காக அடிபட்ட பெண்களின் பேத்திகள் நாம். அந்தக் கதையைத் துணியில் சொல்ல நம்மைவிட யாருக்கு உரிமை?

இன்னொன்றும் என் மனதில் உண்டு. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில், எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக ஒரு குயில்ட்டை மைதானத்தில் விரித்தார்கள். அதில் சேர்த்துத் தைத்த துண்டைப் பலகம் என்பார்கள். ஒவ்வொரு பலகமும் 3 அடிக்கு 6 அடி, ஒரு ஆள் படுக்கும் அளவு. அன்றைக்கு 1,920 பலகங்கள். ஒவ்வொன்றையும் இறந்தவருக்கு வேண்டியவர்களே தைத்திருந்தார்கள், பெயரோடு. 2004 சுனாமியிலும் 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயலிலும் இந்தக் கடற்கரை ஊர்கள் இழந்தவர்களுக்கு அப்படி ஒன்றை யாரும் தைத்ததாக நான் கேட்டதில்லை. அவர்கள் வீட்டுப் பெட்டியில் லுங்கியும் சட்டையும் இன்னும் இருக்கும். அந்தக் குடும்பத்தாரைக் கேட்காமல், அவர்கள் இல்லாமல், நாம் போய்த் தொடக்கூடிய வேலை இல்லை அது. குளச்சல், சின்னத்துறை பக்கத்திலிருந்து வந்தவர்கள் இங்கே இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

கைவேலையைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல மாட்டேன். மிஷின் பல்லை இறக்கிவிட்டு, துணியை அழுத்தும் ஃபுட்டைக் கழற்றி, ஃபிரேம் போட்டு எம்ப்ராய்டரி செய்கிறீர்களே, வெளிநாட்டில் அதையே ஃப்ரீ மோஷன் என்று பணம் கட்டிப் படிக்கிறார்கள். குயில்ட்டுக்குத் தையல் ஃபுட்டுக்குப் பதில் டார்னிங் ஃபுட் போட்டால் போதும், ஃபிரேம்கூட வேண்டாம், பஞ்சே துணியை விறைப்பாக வைக்கும். கிராஸ் பட்டி வெட்டி ஓரம் திருப்ப உங்களுக்குத் தெரியாததா? சிவப்பையும் கருநீலத்தையும் மட்டும் முதலில் நனைத்து வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் மூன்று மாத வேலை போச்சு.

நாம் சறுக்குவது தைத்து முடித்த பிறகுதான். தேர்வுக்குழு முதலில் பார்ப்பது துணியை அல்ல, புகைப்படத்தை. முழுப்படம் ஒன்று, நெருங்கி எடுத்தது ஒன்று. குயில்ட் நேஷனல் மாதிரி இடத்துக்குப் பல நூறு படைப்புகள் வரும், உள்ளே போவது நூறுக்கும் குறைவு. உங்கள் ஒரு வருட உழைப்பை அவர்கள் சில நொடி திரையில் பார்ப்பார்கள். அதனால் தரையில் விரித்து ஸ்டூல் மேல் ஏறி எடுக்காதீர்கள். வெறும் சுவரில் மாட்டி, கேமராவைக் குயில்ட்டின் நடு உயரத்துக்கு நேராக வைத்து, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் எடுங்கள். ஃப்ளாஷ் போட்டால் தையலின் மேடுபள்ளம் செத்துப்போகும், பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் அது எழும். கல்யாண ஆல்பம் எடுக்கிற தம்பி யாராவது தெரிந்திருந்தால் கெஞ்சிக் கூப்பிடுங்கள். விரல், செருப்பு, சாப்பாட்டு மேசை எதுவும் படத்தில் வரக்கூடாது.

தேர்வு கிடைக்கவில்லை என்றால்? ஒரு கண்காட்சிக்குள் ஒன்றோடொன்று பேசும் படைப்புகளைத் தேடுகிறார்கள், உங்களுடையது அதில் சேரவில்லை. வேறு இடத்துக்கு அனுப்புங்கள், அவ்வளவுதான்.

பரிசு கொடுக்கும் போட்டியில் அப்புறம் நடுவர்கள் நேரில் பார்ப்பார்கள். வெள்ளைக் கையுறை போட்ட உதவியாளர்கள் தூக்கிப் பிடிப்பார்கள், திருப்பியும் காட்டுவார்கள். ஆமாம், பின்பக்கத்தையும்! முடிச்சு வெளியே தெரிகிறதா, அடியிலிருந்து வரும் பாபின் நூல் இழுத்திருக்கிறதா, மூலை சதுரமா, தொங்கும்போது ஓரம் அலை அடிக்கிறதா, ஓரப் பட்டிக்குள் பஞ்சு கடைசிவரை நிறைந்திருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். கருத்து எவ்வளவு பெரிதானாலும் இதில் விட்டால் மதிப்பெண் போகும். எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. கோணல்தான் அழகு என்கிற படைப்பையும் ஸ்கேல் வைத்து அளப்பார்கள் சிலர். ஆர்ட் குயில்ட்டுக்கெனத் தனிப் பிரிவு இருக்கும் போட்டியாகப் பார்த்து அனுப்புவது நல்லது.

மாட்டுவதற்குப் பின்னால் மேல் ஓரத்தில் 4 அங்குலக் குழாய் மாதிரி ஒரு பட்டி தைக்க வேண்டும், அதற்கு ஸ்லீவ் என்று பெயர். கையால் தையுங்கள், முன்பக்கம் ஊசி வரக்கூடாது. கம்பி நுழைந்ததும் புடைப்பு முன்னால் தள்ளாதபடி, பட்டியைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள். அனுப்பும்போது மடிக்காதீர்கள், மடித்த கோடு போகாது. தடித்த அட்டைக் குழாயில், பழைய பருத்திச் சேலை சுற்றி, படம் வெளிப்பக்கம் இருக்கும்படி உருட்டி, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. வெளிநாடு என்றால் கண்காட்சிக்குப் போய்த் திரும்பி வரும் பொருள் என்று காகிதத்தில் தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் நம் துணிக்கே நாம் சுங்கவரி கட்ட நேரும். திரும்பி வந்ததும் பிளாஸ்டிக்கில் வைத்து மறந்துவிடாதீர்கள். இரண்டு பருவமழையும் அடிக்கிற ஊர் நம்முடையது, பூஞ்சணம் பிடித்துவிடும்.

கடைசியாக லேபிள். பின்பக்கம் கீழ் மூலையில் ஒரு சின்ன வெள்ளைத் துணி. தீர்ப்பு முடியும்வரை நடுவர்கள் பார்க்காதபடி அதை மூடி வைக்கச் சொல்வார்கள் பல இடங்களில், முடிந்ததும் திறப்பார்கள். படைப்பின் தலைப்பு, ஆண்டு, அளவு, உங்கள் முழுப்பெயர். ஊர் என்ற இடத்தில் 'இந்தியா' என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள், மக்களே. கருங்கலோ தக்கலையோ குளச்சலோ, உங்கள் ஊர் எதுவோ அதையும் எழுதுங்கள். எழுதுவது சாயம் போகாத மையாக இருக்கட்டும், தைத்தே எழுதினால் இன்னும் நல்லது. அந்த மேசையில் ஸ்லீவும் லேபிளும் தைத்த மாதிரி ஒன்று இருக்கிறது, கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். டீ வருவதற்குள் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.