இருபது டாலர் தாளில் ஒரு பாட்டி

வணக்கம், நேயர்களே. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் உங்கள் பணப்பையிலிருந்து ஒரு 20 டாலர் தாளை எடுத்துப் பாருங்கள். மூக்குக்கண்ணாடியும் தொப்பியுமாக ஒரு மூதாட்டி தெரிவார். பெயர் மேரி ரீபி. சாதுவான முகம்; குதிரை திருடியதாக நாடு கடத்தப்பட்டவர் என்றால் நம்ப முடியாது.

இங்கிலாந்தின் லங்காஷயரில் 1777-ல் பிறந்தவர். பெற்றோர் இல்லை, பாட்டியிடம் வளர்ந்தார். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளை வேடத்தில் வீட்டைவிட்டு ஓடியவர் திருட்டுக் குதிரையுடன் பிடிபட்டார். தண்டனை, ஏழாண்டு நாடுகடத்தல். 1792-ல் சிட்னியில் வந்து இறங்கி, ஓர் அதிகாரி வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையில் அமர்ந்தார்.

1794-ல் தாமஸ் ரீபியுடன் திருமணம். தாமஸ், கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் நிலம் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்லிவிடுகிறோம். அது தாரக் என்ற ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் மண். அங்கே விளைந்த தானியத்தைப் படகேற்றிச் சிட்னிக்குக் கொண்டுவந்து விற்றதில் தொடங்கிய வியாபாரம், பிறகு சொந்தக் கப்பல்களில் கடல் கடந்தது. அவர்கள் சிட்னியில் கட்டிய வீட்டின் பெயர் எண்டாலி. கல்கத்தாக்காரர்கள் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். அது அவர்கள் ஊரின் ஒரு பகுதி.

1811 ஏப்ரலில், இந்தியப் பயணத்திலிருந்து நோயோடு திரும்பிய தாமஸ் இறந்தார். மறுமாதம் கூட்டாளி எட்வர்ட் வில்ஸும் போய்விட்டார். ஏழு பிள்ளைகள், கிடங்கு, கப்பல்கள், வராத பாக்கிகள் எல்லாம் மேரியின் தலையில். ஓராண்டுக்குள் ஜார்ஜ் தெருவில் புதுக் கிடங்கு திறந்துவிட்டார்!

பாக்கிகளை எப்படி வசூலித்தார் என்கிறீர்களா? பணம் தர வேண்டிய ஒருவரைத் தாக்கியதற்காக 1817-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அதே ஆண்டு, நியூ சவுத் வேல்ஸ் வங்கி தன் முதல் அலுவலகத்தைத் திறந்தது, அவரிடம் வாடகைக்கு எடுத்த கட்டடத்தில்தான்.

1820-ல் இரண்டு மகள்களுடன் கப்பலேறி, பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு மறுவருடம் திரும்பினார். இம்முறை பயணச்சீட்டு வாங்கிய சீமாட்டியாக. 1828 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்த நாட்டுக்கு எப்படி வந்தீர்கள் என்ற விவரத்துக்கு அவர் தந்த பதில்: சுதந்திரமாக வந்தேன், 1821-ல்.