குறி சுட்ட மாடு

நடுவர் அவர்களே, பெரியோர்களே, பின்வரிசையில் கச்சான் உடைக்கிற தம்பிமாரே, வணக்கம்.

"ஓய்வுபெற்ற ஆசிரியர் மறுபடி படிப்பிக்கக் கடல் கடந்து போவது சரியே" என்று பேசச் சொல்லி என்னை இங்கே ஏற்றியிருக்கிறார்கள். அது சரியா பிழையா என்று ஆறுதலாகப் பார்ப்போம். முதலில் எதிரணி ரீச்சரோடு எனக்கொரு கணக்கு இருக்கிறது. ரீச்சர் போகிற போக்கில் ஒரு வசனம் சொன்னா: "பென்சன் எடுத்த மாடு கடல் தாண்டிப் புல்லு மேயப் போகுது." சபை முழுக்கக் கைதட்டினீர்கள். முன்வரிசையில் என்னுடைய சொந்த மாமாவே தட்டினார். அவரை வீட்டில் கவனித்துக்கொள்கிறேன்.

வன்னியில் நின்றுகொண்டு மாட்டைப் பற்றித் தெரியாமல் பேசலாமா, நடுவர் அவர்களே? ரீச்சருக்குச் சொந்த ஊர் பருத்தித்துறைப் பக்கம். அங்கே மாடென்றால் வளவுக்குள் ஒன்று, அதற்கொரு கயிறு, கிழித்துப் போட ஓலை. இங்கே கதை வேறு. காலபோகத்துக்கு வயல் விதைத்தவுடன் பட்டியைச் சாய்த்துக்கொண்டு காட்டோரம் போகிறோம். ஊருக்குள் நின்றால் பயிருக்குச் சேதம், மாட்டுக்கு அடி, எங்களுக்குப் பக்கத்து வயல்காரனோடு வழக்கு. மாசி பங்குனியில் அறுவடை முடிய, பட்டி திரும்பி வரும். வந்த மாடு யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. குறி சுட்டிருக்கிறோம். எந்தக் காட்டில் எந்தப் புல்லைத் தின்றாலும் குறி அழியாது. வெட்டின வயலில் இரண்டு கிழமை கட்டினால் அடுத்த போகத்துக்கு எருவும் ஆச்சு.

ஆகவே ரீச்சர், எங்கள் கணக்குச் சேரை நீங்கள் மாடு என்று சொன்னதை இந்த அணி முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறது. நடுவர் சிரிக்கிறார், அதை எங்கள் புள்ளியில் போடச் சொல்லுங்கள்.

இனி அந்தச் சேரின் கதை. எதிரணி இவரைத்தான் பெயர் சொல்லாமல் இடித்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 80களில், மீசை அரும்பிய வயதில், மாலைதீவில் ஒரு சின்னத் தீவுக்குப் படிப்பிக்கப் போனவர். அப்போது அது புதினமில்லை. 60களில் மாலேயில் ஆங்கிலவழிப் படிப்புத் தொடங்கிய காலத்திலேயே இலங்கை ஆசிரியர்கள் அங்கே போய்விட்டார்கள். நைஜீரியா, சாம்பியா என்று போனவர்கள் எத்தனை பேர்! சேர் மூன்று நாலு வருடத்தில் திரும்பி வந்து வன்னியில் நியமனம் எடுத்தார். 60 வயதில் அரசாங்கம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. 2022 வரவுசெலவுத் திட்டத்தில் 65 வரை இருக்கலாம் என்றார்கள். அந்த வருடம் முடிவதற்குள் இல்லை, 60 தான் என்றார்கள். மனுசன் ஐந்து வருடத்துக்கென்று புது வெள்ளைச் சேட்டுத் தைத்து வைத்திருந்தார்.

அப்புறம் ஒருநாள் மாலைதீவிலிருந்து அழைப்பு. முந்திப் படிப்பித்த அதே தீவு, அதே பாடசாலை. கதைத்தவர் இப்போதைய அதிபர். யாரென்றால், அந்தக் காலத்தில் வீட்டுக்கணக்குச் செய்யாமல் வந்து, வாங்கிலில் ஏறி நின்றே ஒரு தவணையைக் கழித்த பெடியன்!

சேர் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டார். கும்பிட ஒரு சின்னப் பிள்ளையாரையும் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தார். அங்கே வழிபாட்டுச் சிலை கொண்டுபோக அனுமதியில்லை. ஆகவே பிள்ளையார் முறிகண்டியிலேயே இருக்கிறார், சேர் மட்டும் போனார்.

முதல் நாள். சேரின் கையில் பழைய மணிக்கூடு, சாவி கொடுக்கிறது. மாலைதீவு நேரம் எங்களைவிட அரை மணித்தியாலம் பிந்தியது. சேர் முள்ளைத் திருப்பவில்லை. ஏழு மணிக்குச் சரியாகப் படலையடியில் நிற்கிறார். பூட்டு. ஒரு குஞ்சு குருமன் இல்லை. நிற்கிறார், நிற்கிறார், சேட்டு நனைந்து முதுகில் ஒட்டுகிறது. கடைசியில் அதிபர் வருகிறார், கழுத்துப்பட்டி, கையில் திறப்புக்கோர்வை. அங்கத்தைய நேரம் ஆறே முக்கால்! தன் நேரத்துக்குக் கால் மணித்தியாலம் முந்தி வருகிறது அந்த மனுசன். சேர் மணிக்கூட்டை நீட்டிக் காட்டிச் சொன்னாராம்: "ஏழேகால்! நீ இன்னும் திருந்தவில்லையா?"

அதிபர் என்ன செய்திருக்க வேண்டும்? "சேர், உங்கள் மணிக்கூடு பிழை" என்று சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு ஐம்பது வயது. பாடசாலையே அவருடையது. சேரின் சம்பளப் படிவத்தில் கையெழுத்து வைக்கிற ஆள். அந்த மனுசன் தலையைக் குனிந்து, "சொறி சேர், இனிமேல் நேரத்துக்கு வருகிறேன்" என்றாராம்!

பொறுங்கள், இன்னும் இருக்கிறது. அடுத்த நாள் அதிபர் அரை மணித்தியாலம் முந்தி வந்துவிட்டார். அவர் முந்தி வர ஆசிரியர்கள் முந்தி வந்தார்கள். ஆசிரியர்கள் வரப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு கிழமையாக அந்தத் தீவே வன்னி நேரத்தில் ஓடியிருக்கிறது! கடைசியில் பள்ளிவாசல் தொழுகை அழைப்பைக் கேட்டுவிட்டுச் சேருக்கே ஐமிச்சம் வந்து, மணிக்கூட்டைக் கழற்றி மேசைக்குள் வைத்தாராம். சேர் சொல்லும்போது ஒரு கிழமை என்கிறார். அவருடைய மனைவி இரண்டு நாள் என்கிறா. நான் சேரின் மாணவன், சேர் பக்கம்தான் நிற்பேன்.

இதைப் புல்லு மேய்வது என்கிறீர்களா, ரீச்சர்? சரி, வசதி இல்லை என்று சொல்லமாட்டேன். வகுப்பில் பதினைந்து பிள்ளைகள். இங்கே அவர் ஐம்பதைப் பார்த்தவர். பின்னேரம் கரையோரம் கயிறு பின்னிய இருக்கையில் சாய்ந்து பிளேன்ரீ குடிக்கிறார். எங்கள் சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாடு அங்கே ஊரெல்லாம் காய்கிறது. "வன்னியில் கணக்குக்கு ஆளில்லை, இவர் அங்கே காற்று வாங்குகிறார்" என்று எதிரணி கேட்டது. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. சனிக்கிழமை காலையில் எங்கள் ஊர்ச் சாதாரணதரப் பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றிக் குந்தியிருந்து அவரிடம் அட்சரகணிதம் படிக்கிறார்கள். வந்து பாருங்கள். முன்பு சொன்ன எரு அதுதான்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிடம் தாருங்கள், நடுவர் அவர்களே, இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

நாங்கள் அவரிடம் படித்த காலத்தில் சேருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கரும்பலகையில் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு மேலே பார்ப்பார். அடுத்த வரியை யோசிக்கிறார் என்று நினைப்போம். அவர் கிபிர் போர்விமானத்தின் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "பங்கருக்குள் இறங்குங்கோ" என்று கத்துவார். எங்களை எல்லாம் இறக்கிவிட்டுக் கடைசியாகத்தான் தான் இறங்குவார், கையில் இடாப்போடு. வெளியே வந்ததும் பெயர் கூப்பிடுவார். எல்லோரும் "உள்ளேன் ஐயா" சொல்லி முடியும்வரைக்கும் அவருக்கு மூச்சு வராது. மரத்தடியில் படிப்பித்தார், ஓடின ஓடின இடத்தில் படிப்பித்தார், 2009இல் செட்டிகுளத்து அகதி முகாமில் தரப்பாளுக்குக் கீழே படிப்பித்தார். அந்த இடாப்பில் கூப்பிட ஆளில்லாத பெயர்கள் எத்தனை என்று சேர் இன்றுவரை எங்களுக்குச் சொன்னதில்லை.

இப்போது அந்தத் தீவுக்கு மேலால் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கடல்விமானம் போகிறது. முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டதும் சேர் வெண்கட்டியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை மேசைக்குக் கீழே போகச் சொன்னாராம். பிள்ளைகள் விளையாட்டாக்கும் என்று புகுந்து சிரித்திருக்கிறார்கள். பிறகு யன்னலுக்கு ஓடிப்போய் விமானத்துக்குக் கை காட்டினார்களாம். "நானும் காட்டினேனடா" என்று போனில் சொன்னார். சொல்லிவிட்டு நெடுநேரம் கதைக்கவில்லை.

அவர் போனது சரியா பிழையா என்று எனக்கு வாதாடத் தெரியவில்லை, நடுவர் அவர்களே. அந்த மனுசன் இன்னும் கொஞ்சக் காலம் கை காட்டட்டும். அதற்கு எதிராகத் தீர்ப்பெழுத உங்களுக்குக் கை வருமென்றால் எழுதுங்கள்.

ரீச்சர், நீங்களும் வருகிற வருடம் பென்சனாமே. அந்தப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்கு ஆள் தேடுகிறார்களாம். படிவம் என் சேட்டுப் பைக்குள் இருக்கிறது, தீர்ப்பு முடிய வந்து வாங்குங்கோ. மணிக்கூட்டை மட்டும் திருப்பி வைத்துவிட்டுப் போங்கோ. நன்றி, வணக்கம்.